மூன்றாவது இலக்கம்

2016 ஆகஸ்ட் 11 அன்று ரியோ டி ஜனீரோவில் நடந்த ஒலிம்பிக் பெண்கள் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இறுதிப் போட்டியில் யார் வெல்லப்போகிறார் என்பதில் பெரும்பாலானோருக்கு ஐயமே இல்லை. ஆஸ்திரேலியாவின் கேட் கேம்பெல் ஒரு மாதத்துக்கு முன்புதான் 52.06 நொடியில் நீந்தி உலக சாதனையைத் தன் பெயரில் எழுதியிருந்தார். ரியோவுக்கு வந்த பிறகு ஒலிம்பிக் சாதனையும் அவருடையதாகிவிட்டது. அவரை வெல்ல யாராவது உண்டென்றால் அது 2015 உலக சாம்பியனான அவருடைய தங்கை பிரான்டியாகத்தான் இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சி நேயர்களின் வசதிக்காக ரியோவில் நீச்சல் இறுதிச் சுற்றுகளையெல்லாம் இரவு பத்து மணிக்கு மேல் வைத்திருந்தார்கள். ஆனால் அன்றிரவு அமெரிக்கர்களே தங்கள் நாட்டுப் பெண் முதலிடம் பெறுவார் என்று எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை.

முதல் ஐம்பது மீட்டரில் எதிர்பார்த்ததுதான் நடந்தது. கேட் உலக சாதனை வேகத்தையும் மிஞ்சிப் பாய்ந்து முதலாவதாகத் திரும்பினார். கனடாவின் பதினாறு வயதுப் பென்னி ஒலெக்சியாக், எட்டுப் பேரில் ஏழாவதாகத் திரும்பினார். அப்போது அவரை யாரும் கணக்கில் வைத்திருக்க மாட்டார்கள். மீதி ஐம்பதில் எல்லாம் தலைகீழாயிற்று. கேட் கடைசி இருபது மீட்டரில் கண்ணெதிரே தளர்ந்தார். அமெரிக்காவின் இருபது வயது சிமோன் மானுவல் ஒரு பக்கமும் ஒலெக்சியாக் மறுபக்கமும் ஏறி வந்தார்கள். கேட் ஆறாவதாகவும் பிரான்டி நான்காவதாகவும் சுவரைத் தொட்டார்கள். பலகையில் முதலிடத்துக்கு நேரே இரண்டு பெயர்கள் இருந்தன. இரண்டுக்கும் ஒரே எண்: 52.70. இருவருக்கும் தங்கம், இருவருக்கும் ஒலிம்பிக் சாதனை. வெள்ளி யாருக்கும் இல்லை. 52.99 நொடியில் வந்த ஸ்வீடனின் சாரா ஷோஸ்ட்ரோமுக்கு வெண்கலம்.

இங்கேதான் என் ஆர்வம் தொடங்குகிறது. ஒலிம்பிக்கில் நேரம் குறிக்கும் ஒமேகா நிறுவனம் 2012 லண்டன் போட்டிக்கே நொடியைப் பத்து லட்சம் கூறாக்கிக் காட்டும் கருவியைக் கொண்டுவந்துவிட்டது. மானுவல், ஒலெக்சியாக் இருவரில் யாருடைய விரல் முந்தியது என்று அந்தக் கருவியிடம் கேட்டிருந்தால் ஏதோ ஒரு விடையைச் சொல்லியிருக்கும். யாரும் கேட்கவில்லை, கேட்கக் கூடாது என்பது விதி. தானியங்கிக் கருவி பயன்படும்போது முடிவை நூறில் ஒரு பங்கு நொடி வரைதான் பதிய வேண்டும். ஆயிரத்தில் ஒரு பங்கு வரை கருவியால் அளக்க முடிந்தாலும், அந்த மூன்றாவது இலக்கத்தைப் பதியவோ இடத்தைத் தீர்மானிக்கப் பயன்படுத்தவோ கூடாது. நூறில் ஒரு பங்கு வரை சமமாக வந்தவர்கள் அனைவருக்கும் ஒரே இடம்.

அளக்கத் தெரிந்த ஒன்றை அளக்க மாட்டேன் என்று ஒரு விளையாட்டு ஏன் சொல்கிறது? அதுவும் வெற்றி தோல்வியை முடி நூலளவில் பிரித்துக் காட்டுவதையே பெருமையாகப் பேசும் ஒலிம்பிக்கில்? இந்த விதிக்குள் நியாயம் இருக்கிறது. ஆனால் அதை ஆதரிப்பவர்கள் சொல்லும் அளவுக்கு அந்த நியாயம் முழுமையானதல்ல என்பதே என் எண்ணம்.

முதலில் இதே போட்டியின் பிறப்பிலிருந்து தொடங்கலாம். ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முதலில் நீந்தியது 1912 ஸ்டாக்ஹோமில்தான். அவர்களுக்கு இருந்த ஒரே தனிநபர் நீச்சல் போட்டி 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல். ஆஸ்திரேலியாவின் ஃபேனி டுராக்கும் மினா வைலியும் அங்கு போய்ச் சேர்ந்ததே பெரும் கதை. ஆண்கள் பார்க்கும் இடத்தில் பெண்கள் நீந்துவதை அவர்கள் சார்ந்த நியூ சவுத் வேல்ஸ் பெண்கள் நீச்சல் சங்கமே தடுத்து வைத்திருந்தது. பெண்ணுரிமைக்காக வாழ்நாளெல்லாம் போராடிய ரோஸ் ஸ்காட்தான் அந்தத் தடையின் முதன்மைக் குரல் என்பது வரலாற்றின் குறும்பு. பொதுமக்கள் எழுப்பிய கூச்சலுக்குப் பிறகே தடை தளர்ந்தது. அமெரிக்கா தன் நீச்சல் பெண்களை அனுப்பவே இல்லை.

ஸ்டாக்ஹோமில் குளம் கட்டப்படவில்லை. கடற்கழி ஒன்றில் நூறு மீட்டருக்கு நேர்த்தடம் அமைத்திருந்தார்கள். டுராக் தகுதிச்சுற்றில் 1 நிமிடம் 19.8 நொடியில் உலக சாதனை படைத்தார். இறுதியில் 1:22.2 நொடியில் முதலிடம். வைலி 1:25.4. இங்கிலாந்தின் ஜென்னி ஃபிளெட்சர் 1:27.0. அந்தத் தசம இலக்கங்கள் எல்லாம் இரட்டைப்படையாகவே இருப்பதைக் கவனிக்கலாம். அன்றைய நிறுத்துக் கடிகாரங்கள் நொடியை ஐந்து கூறாகத்தான் பிரித்தன. அது போதுமானதாகவும் இருந்தது. முதலிடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் 3.2 நொடி இடைவெளி என்றால் ஏறத்தாழ நான்கு மீட்டர் தண்ணீர். கரையில் நின்ற எவருக்கும் கடிகாரமே தேவைப்பட்டிருக்காது.

இடைவெளி சுருங்கச் சுருங்கத்தான் சிக்கல் வந்தது. 1956, 1960, 1964 என மூன்று ஒலிம்பிக்குகளிலும் தொடர்ந்து இதே போட்டியை வென்ற ஆஸ்திரேலியாவின் டான் ஃபிரேசர், மூன்றாவது முறை 59.5 நொடியில் முடித்தபோது அமெரிக்காவின் ஷாரன் ஸ்டௌடர் 59.9 நொடியில் வந்துவிட்டார். நான்கு மீட்டராக இருந்த இடைவெளி முக்கால் மீட்டருக்கும் குறைந்துவிட்டது. முக்கால் மீட்டரைக் கண் பிரித்துப் பார்க்கும், ஒரு சாணைப் பார்க்குமா என்பதற்கு 1960 ரோம் ஒலிம்பிக்கே விடை சொல்லிவிட்டது. பெண்கள் போட்டியில் அல்ல, ஆண்கள் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில்.

அதில் ஆஸ்திரேலியாவின் ஜான் டெவிட்டும் அமெரிக்காவின் லான்ஸ் லார்சனும் ஏறக்குறைய ஒன்றாகத் தொட்டார்கள். முதலிடத்தைப் பார்க்க மூன்று நடுவர்கள் இருந்தார்கள். அவர்களில் இருவர் டெவிட் என்றார்கள், ஒருவர் லார்சன் என்றார். இரண்டாம் இடத்தைப் பார்க்கத் தனியே மூன்று நடுவர்கள். அவர்களில் இருவர் இரண்டாவது வந்தவர் டெவிட் என்றார்கள். ஆக ஆறு கண்ணோட்டங்கள் மூன்றுக்கு மூன்று. கடிகாரக்காரர்களிடம் ஐயமே இல்லை. டெவிட்டுக்கு மூவரும் 55.2, லார்சனுக்கு 55.0, 55.1, 55.1. ஆனால் அன்றைய முறையில் இடத்தைத் தீர்மானித்தது கண், கடிகாரம் அல்ல. தலைமை நடுவர் டெவிட்டே வென்றார் என்று அறிவித்தார். பிறகு நடந்ததுதான் விசித்திரம். வென்றவரைவிடத் தோற்றவரின் நேரம் குறைவாக இருப்பது அழகல்ல என்று லார்சனின் நேரத்தையும் 55.2 என்று திருத்தி எழுதினார்கள். தீர்ப்புக்கு ஏற்றபடி சாட்சியைத் திருத்துவது என்பது இதுதான். முறையீடுகள் எல்லாம் தள்ளுபடியாயின.

கண்ணை நம்பி இனிப் பயனில்லை என்பது தெளிவானது. 1967இல் கனடாவின் வின்னிபெக்கில் நடந்த பான் அமெரிக்கப் போட்டியில் தொடுபலகை வந்தது, அடுத்த ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்குக்கும் வந்துவிட்டது. ஒவ்வொரு தடத்தின் சுவரிலும் மாட்டப்படும் மெல்லிய பலகை அது. இன்றைய அளவில் அகலம் 2.4 மீட்டர், உயரம் 90 சென்டிமீட்டர், தடிமன் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அலை மோதினால் அசையாது, கை அழுத்தினால்தான் கடிகாரம் நிற்கும். நீச்சல்காரரே தன் கடிகாரத்தைத் தானே நிறுத்துகிறார். இடையில் நடுவரின் கண்ணும் இல்லை, கட்டைவிரலும் இல்லை. தொடக்கத்திலும் இதேபோல் ஒரு சீர்திருத்தம் பின்னாளில் வந்தது. தொடக்க ஒலி ஒரே மூலையிலிருந்து கிளம்பினால் முதல் தடத்துக்கும் எட்டாம் தடத்துக்கும் அது சென்று சேரும் நேரத்தில் நூறில் ஐந்து பங்கு நொடி வித்தியாசம் வரும். அதனால் ஒவ்வொரு தொடக்க மேடைக்கும் தனித்தனி ஒலிபெருக்கி வைத்தார்கள்.

இவ்வளவு நுட்பமான கருவி கைக்கு வந்ததும் அதன் கடைசி இலக்கம் வரை பயன்படுத்தாமல் இருக்க மனிதனுக்கு மனம் வருமா? 1972 மியூனிக்கில், ஆண்கள் 400 மீட்டர் தனிநபர் கலப்பு நீச்சலில், ஸ்வீடனின் குன்னார் லார்ஷோனும் அமெரிக்காவின் டிம் மெக்கீயும் 4 நிமிடம் 31.98 நொடியில் முடித்தார்கள். நடுவர்கள் மூன்றாவது இலக்கத்தைப் பார்த்தார்கள். லார்ஷோன் 4:31.981. மெக்கீ 4:31.983. ஆயிரத்தில் இரண்டு பங்கு நொடி. தங்கம் ஒருவருக்கு, வெள்ளி மற்றவருக்கு. அந்த வேகத்தில் அது ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். குளத்தை எட்டு முறை கடந்த பிறகு 3 மில்லிமீட்டர்! மெக்கீ நான்கு ஆண்டுகள் கழித்து மான்ட்ரியலிலும் அதே போட்டியில் வெள்ளிதான் வாங்கினார்.

இந்த முடிவுக்குப் பிறகு எழுந்த கேள்வி கருவியைப் பற்றியதல்ல, குளத்தைப் பற்றியது. உலக நீச்சல் கூட்டமைப்பின் விதிப்படி 50 மீட்டர் குளத்தின் எந்தத் தடமும் ஐம்பது மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையக் கூடாது, ஆனால் 3 சென்டிமீட்டர் வரை கூடலாம். காங்கிரீட்டும் ஓடும் கொண்டு கட்டிய சுவர், தண்ணீரின் எடைக்கும் வெயிலின் சூட்டுக்கும் அசைந்து கொடுக்கும். அதன்மேல் மாட்டும் பலகை ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருக்கலாம். ஆகவே மெக்கீயின் தடம் லார்ஷோனின் தடத்தைவிட ஒரு நகத்தின் தடிமன் நீளமாக இருந்திருந்தால்கூட, எட்டு முறை கடந்ததில் அந்த 3 மில்லிமீட்டர் எங்கே போயிருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது. காய்கறித் தராசில் தங்கம் நிறுத்தது போலத்தான் அது, முள் எவ்வளவு கூர்மையாக இருந்தால் என்ன? ஃபினா என்று அறியப்பட்ட அந்தக் கூட்டமைப்பு (இன்று வேர்ல்டு அக்வாட்டிக்ஸ்) மூன்றாவது இலக்கத்தைக் கைவிட்டது.

ஓட்டப் பந்தயக்காரர்கள் இதை வேறு மாதிரிக் கையாளுகிறார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் 100 மீட்டர் ஓட்டத்தில் நோவா லைல்ஸும் கிஷேன் தாம்சனும் 9.79 நொடியில் சமமாக வந்தார்கள். 9.784, 9.789 என்று ஆயிரத்தில் பிரித்து லைல்ஸுக்குத் தங்கம் கொடுத்தார்கள். அதை யாரும் அநியாயம் என்று சொல்லவில்லை. காரணம், ஓட்டக்காரர்கள் அனைவரும் கடப்பது ஒரே கோடு, அதைப் பார்ப்பது ஒரே கேமரா. நீச்சலில் அப்படி ஒரு பொதுக் கோடு இல்லை. எட்டுப் பேருக்கும் எட்டுச் சுவர்த் துண்டுகள், எட்டுப் பலகைகள். கட்டடத் தொழிலாளி விட்ட பிசிறும் போட்டியில் கலந்துகொள்கிறது.

இந்த விதி முதன்முதலில் ஒலிம்பிக் தங்கத்தைப் பங்கிட்டது 1984 லாஸ் ஏஞ்சலிஸில். ஜூலை 29, போட்டியின் முதல் நாள். அதுவும் பெண்கள் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல்தான். அமெரிக்காவின் கேரி ஸ்டைன்சைஃபருக்கு வயது பதினாறு. நான்சி ஹாக்ஸ்ஹெட்டுக்கு இருபத்திரண்டு. இருவரும் 55.92. நெதர்லாந்தின் அனெமரி ஃபெர்ஸ்டாப்பன் 56.08 நொடியில் மூன்றாவதாக வந்தார். சோவியத் அணி நாடுகள் புறக்கணித்த ஒலிம்பிக் அது. கிழக்கு ஜெர்மனியின் பார்பரா கிராவ்ஸே 1980இல் மாஸ்கோவில் படைத்த 54.79 நொடி சாதனை பக்கத்திலேயே இருக்க, 55.92க்குத் தங்கமா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. கிழக்கு ஜெர்மனி தன் நீச்சல் பெண்களுக்கு ஆண் ஹார்மோன் மருந்துகளை அரசுத் திட்டமாகவே கொடுத்து வந்தது பிற்பாடு ஆவணங்களோடு வெளிவந்த பிறகு, அந்தச் சுளிப்புக்கு மதிப்பில்லாமல் போயிற்று.

ஹாக்ஸ்ஹெட்டின் கதை தனியாகச் சொல்லத் தக்கது. 1980 மாஸ்கோ போட்டிக்கான அமெரிக்க அணியில் இருந்தவர் அவர், அமெரிக்கா புறக்கணித்ததால் போக முடியவில்லை. நான்கு ஆண்டு காத்திருந்து கிடைத்த முதல் ஒலிம்பிக் பந்தயத்தில், தன்னைவிட ஆறு வயது இளைய சக அணிப் பெண்ணோடு தங்கத்தைப் பங்கிட்டுக்கொண்டார். அந்த ஒலிம்பிக்கிலேயே 200 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலில் நான்காவதாக முடித்தபோது மூச்சுத் திணறிப் போக, தனக்கு ஆஸ்துமா இருப்பது அதன்பிறகே அவருக்குத் தெரியவந்தது. பின்னாளில் வழக்கறிஞராகி, கல்வி நிலையங்களில் பெண்களின் விளையாட்டு உரிமைக்காக வாதாடினார். 1972 விதி தொடர்ந்திருந்தால் அந்த இரு பெண்களில் ஒருவர் இன்று வெள்ளிக்காரியாக அறியப்பட்டிருப்பார், எவர் என்று தெரியாது. பலகைக்கும் சுவருக்கும் இடையே இருந்த மில்லிமீட்டர் அதை முடிவு செய்திருக்கும்.

2000 சிட்னியில் ஆண்கள் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் அமெரிக்காவின் ஆந்தனி எர்வினும் கேரி ஹால் ஜூனியரும் 21.98 நொடியில் தங்கத்தைப் பகிர்ந்தார்கள். 2011இல் ஷாங்காய் உலக சாம்பியன் போட்டியில் மறுபடியும் பெண்கள் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல். பெலாரஸின் அலியாக்சாண்ட்ரா ஹெரசிமேனியாவும் டென்மார்க்கின் ஜெனட் ஓட்டெசனும் 53.45 நொடியில் இணைந்து உலக சாம்பியன்கள் ஆனார்கள். அந்த ஓட்டெசன் 2016 ரியோ இறுதியிலும் நீந்தினார், மானுவலும் ஒலெக்சியாக்கும் சமமாகத் தொட்டபோது அதே தண்ணீரில் பின்னால் வந்துகொண்டிருந்தார். முப்பத்திரண்டு ஆண்டுகளில் ஒரே போட்டியில் மூன்று முறை தங்கம் பங்கிடப்பட்டிருக்கிறது. இதில் ஏதோ மர்மம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. தூரம் குறைவு, உலகெங்கும் பெண்கள் அதிகம் நீந்தும் போட்டி இது, உச்சியில் இருப்பவர்களின் நேரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக் கிடக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் எண்கள் மோதிக்கொள்ளத்தான் செய்யும். ரியோவிலேயே ஆண்கள் 100 மீட்டர் பட்டாம்பூச்சியில் மைக்கேல் பெல்ப்ஸ் உட்பட மூன்று பேர் 51.14 நொடியில் வெள்ளியைப் பங்கிட்டார்களே.

இதுவரை விதியின் பக்கத்து நியாயம். இனி அதன் குறை.

மானுவலும் ஒலெக்சியாக்கும் நூறு மீட்டரை 52.70 நொடியில் கடந்தார்கள். சராசரி வேகம் நொடிக்கு 1.9 மீட்டர். அப்படியானால் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் நகர்வது 1.9 மில்லிமீட்டர், நூறில் ஒரு பங்கில் 1.9 சென்டிமீட்டர். ஆனால் குளத்துக்கு விதி தரும் சலுகையோ தடத்துக்கு 3 சென்டிமீட்டர். நூறு மீட்டர் போட்டியில் அந்தத் தடத்தை இரண்டு முறை கடக்கிறோம், ஆகவே 6 சென்டிமீட்டர். அதைக் கடக்க நூறில் மூன்று பங்கு நொடி ஆகும். விதியின் எல்லைக்குள் கட்டிய குளத்தில், ஏட்டளவில், நூறில் மூன்று பங்கு வித்தியாசம்கூடக் கட்டடத்தால் வந்ததாக இருக்கலாம். மூன்றாவது இலக்கம் பொய் சொல்லக்கூடும் என்று அதை ஒதுக்கினோம். இரண்டாவது இலக்கம் மட்டும் முழு உண்மையா? நல்ல குளங்கள் இந்தச் சலுகையில் பெரும்பகுதியைப் பயன்படுத்துவதே இல்லை, தடங்களுக்கு இடையிலான வேறுபாடு அதைவிடக் குறைவாகவே இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆயிரத்தை மறுக்கக் காட்டும் காரணம் விதியில் எழுதிய சலுகை என்றால், அதே காரணம் நூறையும் தொடும்.

1988 சியோலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் 100 மீட்டர் பட்டாம்பூச்சியில் தென்னமெரிக்காவின் சிறு நாடான சூரினாமைச் சேர்ந்த ஆந்தனி நெஸ்டி 53.00 நொடியில் வென்றார். அமெரிக்காவின் மேட் பியோன்டி 53.01. சூரினாமுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது, ஒலிம்பிக் நீச்சலில் தங்கம் வென்ற முதல் கறுப்பினத்தவரும் நெஸ்டிதான். வித்தியாசம் 2 சென்டிமீட்டருக்கும் குறைவு. பியோன்டி கடைசி வீச்சை முடித்துச் சுவருக்கு இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்க, கை வீசாமல் மிதந்து தொட்டார். நெஸ்டி முழு வீச்சோடு தொட்டார். இதில் நெஸ்டி வென்றது நிச்சயம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் அப்படித் தோன்றுவதற்கு ஆதாரம் அந்தக் கடைசி வீச்சைப் பார்த்த கண், 0.01 என்ற எண் அல்ல.

இன்னொரு நுட்பமும் உண்டு. மூன்றாவது இலக்கத்தை வெட்டி எறிவதால் அதன் ஆட்சி முடிந்துவிடுவதில்லை. 52.700 நொடியில் ஒருவர், 52.709 நொடியில் இன்னொருவர் வந்தால் விதிப்படி இருவரும் சமம். 52.709 நொடியில் ஒருவர், 52.710 நொடியில் இன்னொருவர் வந்தால் ஒருவருக்குத் தங்கம், மற்றவருக்கு வெள்ளி. முன்னதில் இடைவெளி ஆயிரத்தில் ஒன்பது பங்கு, பின்னதில் ஒரே ஒரு பங்கு. கதவை மூடிவிட்டோம் என்று நினைக்கிறோம், மூன்றாவது இலக்கம் நிலைப்படிக்கு அடியில் புகுந்து வருகிறது. எங்கே வெட்டினாலும் வெட்டிய இடத்தில் ஒரு விளிம்பு இருக்கும், அந்த விளிம்பின் இருபுறமும் நிற்பவர்களுக்கு இந்த விதி 1972ஐவிடக் கருணை காட்டுவதில்லை.

ரியோவில் குளத்தின் மீதே வேறொரு குற்றச்சாட்டும் எழுந்தது. 2013இல் பார்சிலோனா உலக சாம்பியன் போட்டிக்குத் தற்காலிகமாக அமைத்த குளத்தில் நீரோட்டம் இருந்திருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நேரப் பட்டியல்களை வைத்தே வாதிட்டிருந்தார்கள். நீண்ட தூரப் போட்டிகளில் ஒரு திசையில் போகும்போது ஆகும் நேரத்தையும் திரும்பும்போது ஆகும் நேரத்தையும் தடவாரியாக ஒப்பிட்டார்கள். ஒரு பக்கத்துத் தடங்களில் போகும்போது வேகம், மறுபக்கத்துத் தடங்களில் வரும்போது வேகம். ரியோவின் எண்களிலும் அப்படி ஒரு சாய்வு தெரிவதாகச் சொன்னார்கள். குளத்தை அமைத்த நிறுவனம் அதை ஏற்கவில்லை. நூறு மீட்டரில் போவதும் வருவதும் உண்டு என்பதால் நீரோட்டம் இருந்தாலும் பெருமளவு கழிந்துவிடும், ஒரே திசையில் முடிந்துவிடும் ஐம்பது மீட்டரில்தான் அது உறைக்கும்.

சாதனைகளைப் பொறுத்தவரை இந்தக் கூட்டமைப்பு எவ்வளவு கண்டிப்பானது என்பதைப் பார்த்தால் ஆச்சரியம் கூடுகிறது. ஒரு உலக சாதனை ஏற்கப்பட வேண்டுமானால் குளத்தின் ஒவ்வொரு தடத்தின் நீளத்துக்கும் தகுதி பெற்ற நில அளவையாளரின் சான்று வேண்டும். நகர்த்தக்கூடிய தடுப்புச் சுவர் கொண்ட குளம் என்றால், சாதனை நிகழ்ந்த அன்றே, அந்த அமர்வு முடிந்ததும் அந்தத் தடத்தை மறுபடி அளக்க வேண்டும். 2017 புடாபெஸ்டில் சாரா ஷோஸ்ட்ரோம், ரியோவில் மூன்றாவதாக வந்த அதே பெண், தொடர் நீச்சலின் முதல் ஆளாக நீந்தி 51.71 நொடியில் உலக சாதனை படைத்தார், அந்த நேரம் இத்தகைய நிபந்தனைகளைக் கடந்துதான் ஏட்டில் ஏறியது. ஒவ்வொரு தடத்தின் நீளமும் தெரியுமென்றால் அந்த வித்தியாசத்தை நேரத்தில் கழித்துக்கொண்டு ஆயிரத்தில் ஒரு பங்கு வரை நியாயமாகவே பிரிக்கலாமே என்று ஒரு பொறியாளர் கேட்கக்கூடும். கேட்கலாம். ஆனால் முதலில் தொட்டவர் இரண்டாவது என்று கணக்குப் போட்டு அறிவிக்கும் பந்தயத்தை யார் பார்ப்பார்கள்? லார்சனின் நேரத்தைத் திருத்தி எழுதிய 1960க்கே அது நம்மைத் திருப்பி அழைத்துப் போகும்.

மானுவலின் தங்கத்துக்கு வேறொரு எடையும் இருந்தது. தனிநபர் நீச்சலில் ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் அவர். அமெரிக்காவில் நீச்சல் குளம் நிறவெறியின் கடைசிக் கோட்டைகளில் ஒன்று. 1964 ஜூனில் ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டினில் ஒரு விடுதிக் குளத்துக்குள் கறுப்பினப் போராட்டக்காரர்களும் அவர்களோடு சேர்ந்த வெள்ளையர்களும் இறங்கியபோது, அவர்களை வெளியேற்ற விடுதி மேலாளர் தண்ணீரில் அமிலத்தை ஊற்றும் படம் உலகெங்கும் அச்சானது. பொதுக் குளங்களைக் கறுப்பினத்தவருக்குத் திறந்துவிடுவதற்குப் பதில் மூடிவிடுவதே மேல் என்று பல நகரங்கள் முடிவெடுத்தன. குளமில்லாத தலைமுறைக்கு நீச்சல் தெரியாமல் போயிற்று, நீச்சல் தெரியாத பெற்றோர் பிள்ளைகளையும் தண்ணீரிலிருந்து விலக்கி வைத்தார்கள். இந்தப் பதக்கம் தனக்கு மட்டுமானதல்ல, தனக்கு முன்னே வந்தவர்களுக்குமானது என்று மானுவல் அன்றிரவு சொன்னதன் பின்னணி அது. ஒலெக்சியாக்கின் பக்கத்திலும் கணக்கு சிறியதல்ல. 2000 ஜூனில் பிறந்தவர் அவர். அவருக்கு ரியோவில் நான்கு பதக்கங்கள், ஒரே கோடைக்கால ஒலிம்பிக்கில் கனடாவுக்காக இதை முதலில் செய்தவர் அவர்தான். இவற்றில் எதையும் சுவர் ஓட்டின் பிசிறு தீர்மானிக்காமல் போனதே இந்த விதி செய்த நன்மை. அதன் தர்க்கத்தில் ஓட்டை இருந்தாலும் அந்த நன்மைக்காகவே நான் அதன் பக்கம் நிற்பேன்.

ஓட்டை எங்கே வலிக்கும் என்பதை இரண்டு நாள் கழித்து அதே மானுவல் அனுபவித்தார். பெண்கள் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இறுதி. டென்மார்க்கின் பெர்னில் ப்ளூமே 24.07. மானுவல் 24.09. ஹெரசிமேனியா 24.11. பிரிட்டனின் ஃபிரான்செஸ்கா ஹால்சல் 24.13. யாரோ வேண்டுமென்றே அடுக்கி வைத்ததுபோல் நூறில் இரண்டிரண்டு பங்கு இடைவெளி. குளத்தின் சலுகையை முழுக்க மதித்து, நூறில் இரண்டு பங்கு வரை வித்தியாசத்தைச் சமம் என்று கொள்வோம் என ஒரு விதி எழுதிப் பாருங்கள். ப்ளூமேவும் மானுவலும் சமம். மானுவலும் ஹெரசிமேனியாவும் சமம். ஹெரசிமேனியாவும் ஹால்சலும் சமம். ஆனால் ப்ளூமேவும் ஹால்சலும் சமமல்ல, அவர்களுக்கு இடையே நூறில் ஆறு. நான்கு பேருக்கும் தங்கமா? இல்லையென்றால் சங்கிலியை எந்தக் கண்ணியில் அறுப்பது? விடை கிடைக்காது. அதனால்தான் நூறில் ஒரு பங்கு என்ற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினார்கள். அன்றைய கணக்குப்படி ப்ளூமே தங்கம் பெற்றார். ஹால்சல் பதக்கமில்லாமல் நான்காவது. முதலிடத்திலிருந்து அவர் இருந்த தூரம், அந்த வேகத்தில், ஏறத்தாழ 12 சென்டிமீட்டர்.